குற்றவாளி யார்?

ஐயம்பேட்டையில் ஒரு வகுப்பறை. பிற்பகல் வேளை. நாம் கரும்பலகையில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தபோது எல்லாத் தலைகளும் நிமிர்ந்திருந்தன. ஒரு தலை மட்டும் குனிந்திருந்தது. அருகே சென்றோம். பாடநூலுக்குள்ளே மற்றொரு நூல். மட்டை கிழிந்த, மலிவு விலை மர்ம நாவல்! ஆசிரியர் என்ற பதவி தரும் அதிகாரத்தோடு கையை நீட்டினோம். அச்சிறுமி அழவில்லை, கெஞ்சவுமில்லை. "சார், இன்னும் ஆறு பக்கந்தான். யார் கொன்னாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுக் கொடுத்துடறேன்" என்றாள்.

வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். நூலைப் பறித்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினோம். கடமை முடிந்தது என்று எண்ணினோம்.

அன்று மாலை நெசவாளர் தெரு வழியே நடந்தோம். வீட்டுக்கு வீடு தறியின் ஓசை. ஒரு திண்ணையில் அதே சிறுமி. கை பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து நின்றாள். "சார், படிச்சீங்களா? யாரு சார்?" என்று கேட்டாள். நாம் படிக்கவில்லை என்றோம். அவள் முகத்தில் ஓர் ஏமாற்றம். பறித்தவர் படிக்கவாவது செய்திருக்கலாமே என்னும் ஏமாற்றம் அது!

அந்த ஏமாற்றந்தான் இக்கட்டுரையை எழுத வைத்தது. மர்மக் கதை படிப்பது குற்றமா? குற்றமென்றால் யார் செய்த குற்றம்? இந்த வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்ட நமக்கு, நம் காஞ்சி மாவட்டத்திலேயே பிறந்த ஓர் அம்மையார் நினைவுக்கு வந்தார். ஒரு கையில் தொண்டு. மற்றொரு கையில் மர்மக் கதை. இரண்டையும் வாழ்நாள் முழுதும் சுமந்தவர். அவர்தான் வை.மு. கோதைநாயகி அம்மையார்.

1901ஆம் ஆண்டு நீர்வளூரில் வைதிக வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். 1907இல் அவருக்குத் திருமணம் நடந்தது. அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமா? ஐந்தரை! பால்பற்கள் விழுந்து முடியாத வயதில் மணப்பெண், திருவல்லிக்கேணியில் மருமகள். பள்ளிக்கூடத்து வாயிலை மாணவியாக அவர் மிதித்ததே இல்லை. குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்லும் பழக்கம் மட்டும் இருந்தது. அவர் சொல்லச் சொல்லத் தோழி ஒருவர் எழுதினார். 'இந்திர மோஹனா' என்ற நாடகம் அப்படித்தான் பிறந்தது.

பின்னர் எழுத்தைத் தம் கைவசமாக்கிக் கொண்டார். 1925இல், நின்று போயிருந்த 'ஜகன்மோகினி' என்ற இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். தம் முதல் நாவலான 'வைதேகி'யை அதில் தொடராக வெளியிட்டார். துப்பறியும் கதைகளுக்கு மக்கள் மயங்கிக் கிடந்த காலம் அது. இதழின் விற்பனை ஏறியது. பின்னர்த் தமக்கென்று அச்சகமும் கண்டார். ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இதழாசிரியர். நூற்றுப் பதினைந்து நாவல்களின் ஆசிரியர். தமிழில் துப்பறியும் கதை எழுதிய முதற் பெண்மணி என்றும் அவரைச் சொல்லுகிறார்கள்.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பாருங்கள். 1925இல் காந்தியாரைக் கண்ட பின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலிலும் அந்நியத் துணி மறியலிலும் நின்று சிறை புகுந்தார். சிறையிலும் எழுதினார். காந்தியார் கொல்லப்பட்ட பின், திருவல்லிக்கேணியில் 'மகாத்மாஜி சேவா சங்கம்' அமைத்து, ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உழைத்தார். 1956இல் ஒரே மகனை இழந்தார், அத்துயரிலிருந்து மீளவில்லை. காசநோய் பற்றியது. 1960 பிப்ரவரி 20ஆம் நாள் மறைந்தார்.

அவர் கொள்கை நம் கொள்கையன்று. அவர் பேராயத்தை நம்பினார், பெருமாளையும் நம்பினார். நாம் இரண்டையும் வேறு கண்ணால் பார்ப்பவர்கள். எனினும், மாற்றாரிடத்தே மணி கிடைத்தால் அதை மண் என்று சொல்லுவது பகுத்தறிவு ஆகாது. எனவேதான் அவரை எடை போடத் துணிகிறோம்.

இலக்கியப் பண்டிதர்கள் அவரை எப்படி எடை போட்டார்கள்? போடவே இல்லை! தராசுத் தட்டிலேயே ஏற்றவில்லை. "மர்ம நாவல்தானே, பொழுதுபோக்குத்தானே, பெண்கள் சமையற்கட்டில் படிப்பதுதானே" என்று தள்ளினார்கள். இன்னொரு சாரார் அவருடைய தொண்டைப் போற்றினார்கள். ஆனால் நாவல்களைப் பற்றிப் பேச்சு வந்ததும் பெரிய மனிதர் வீட்டுப் பிழையைப் போல மூடி மறைத்தார்கள். தொண்டு செய்த கை வேறு, மர்மம் எழுதிய கை வேறு என்பது அவர்கள் எண்ணம்.

நாம் மறுக்கிறோம். இரண்டும் ஒரே கை என்பதே நம் கட்சி.

தமிழில் துப்பறியும் கதை வந்த வழியைச் சற்றே நினைவு கூர்வோம். 1894இல் பண்டித நடேச சாஸ்திரி, தானவன் என்ற போலீஸ் நிபுணனைப் படைத்தார். 1908இல் ஜே.ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' எழுதினார். அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு பேசப்பட்டான். ஆரணி குப்புசாமி முதலியார் மேனாட்டுக் கதைகளைத் தமிழ் உடையில் நிறுத்தினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950இல் திரைக்கே வந்தது. நம்பியார் பல வேடங்களில் நடித்தார். இப்பெரும் பட்டியலில் ஒரு பெண் இருந்தாளா? இல்லை. கதைக்குள் பெண் இருந்தாள்: கடத்தப்படுபவளாக, கொல்லப்படுபவளாக, ஐயத்துக்கு ஆளாபவளாக. கதையை நடத்துபவளாக ஒரு பெண் வந்து உட்கார்ந்தது கோதைநாயகி அம்மையார் எழுதுகோல் பிடித்த பிறகுதான். ஐந்தரை வயதில் தாலி ஏற்றவர், இருபதுகளில், "இனிக் கதை முடிச்சை நான் போடுவேன், நானே அவிழ்ப்பேன்" என்று உட்கார்ந்தார். இது சிறு செய்தியா?

மர்மக் கதை என்பதன் இயல்பை எண்ணிப் பாருங்கள். ஒரு வீட்டில் ஒருவர் இறந்து கிடக்கிறார். ஊர் என்ன சொல்லுகிறது? "விதி முடிந்தது", "தெய்வக் குற்றம்", "பேய் அடித்தது". துப்பறிபவர் வருகிறார். அவர் பேயைத் தேடவில்லை. காலடித் தடத்தைத் தேடுகிறார். விதியை நோகவில்லை, கதவின் தாழ்ப்பாளைப் பார்க்கிறார். எந்த வினைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணம் இவ்வுலகத்திலேயே உண்டு. அதை அறிவால் அறியலாம் என்பதே அக்கதையின் அடிப்படை. ஊரார் வணங்கும் பெரியவரையும் அவர் ஐயத்திலிருந்து விலக்குவதில்லை. ஏழை வேலைக்காரனை எல்லோரும் சுட்டும்போது, "சான்று எங்கே?" என்று கேட்கிறார். நாம் மேடை போட்டு, மணிக்கணக்கில் பேசி, வியர்வை சொட்ட விளக்கும் பாடத்தை, மட்டை கிழிந்த அந்த நூல் ஒரு பிற்பகலில் அச்சிறுமிக்குக் கற்பித்துக்கொண்டிருந்தது. நாமோ அதைப் பறித்துப் பூட்டினோம்!

இவ்விடத்தில் தோழர் ஒருவர் குறுக்கிடக்கூடும்: "அப்படியானால் மர்மக் கதை எழுதியவரெல்லாம் பகுத்தறிவாளர்களா?" நல்ல கேள்வி. இல்லை என்பதே விடை. அதற்கு ஆங்கில நாட்டிலேயே சான்று உண்டு.

ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலை அறியாதார் யார்? அந்நாட்டில் ஜார்ஜ் எடல்ஜி என்ற இளம் வழக்கறிஞர் இருந்தார். தந்தை பம்பாயிலிருந்து சென்ற பார்சி. கிறித்தவரான பின் ஒரு சிற்றூரில் பாதிரியார். ஊரில் இரவு நேரத்தில் கால்நடைகள் வெட்டப்பட்டன. பழி, கறுத்த தோலுடைய எடல்ஜியின் மேல் விழுந்தது. 1903இல் ஏழாண்டுத் தண்டனை. மூன்றாண்டு கழித்து வெளியே வந்தார். ஆனால் பழி போகவில்லை. டாயில் அவரை நேரில் கண்டார். அவர் செய்தித்தாளைக் கண்ணருகே கொண்டு சென்று, சாய்த்துப் பிடித்துப் படிப்பதைக் கவனித்தார். பகலிலேயே பார்வை மங்கிய ஒருவர் இருட்டில் வயல் தாண்டிச் சென்று விலங்கை வெட்டினாரா? 1907இல் அதை உலகறிய எழுதினார். எடல்ஜிக்கு மன்னிப்புக் கிடைத்தது. குற்ற வழக்குகளுக்கென மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நாட்டில் அவ்வாண்டிலேயே அமைக்கப்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு தூண்டுகோல். மர்மக் கதை எழுதிய கை, நிறவெறியின் கழுத்தைப் பிடித்தது. இது தொண்டல்லவா?

அதே டாயில் செய்த மற்றொன்றையும் கேளுங்கள். இரண்டு சிறுமியர், தாளில் வெட்டிய உருவங்களை வைத்து ஒளிப்படம் எடுத்து, "இவை தேவதைகள்" என்றனர். ஹோம்ஸைப் படைத்தவர் அதை நம்பினார்! 1922இல் அதற்கென ஒரு நூலே எழுதினார். அச்சிறுமியரில் ஒருவர் மூதாட்டியான பின், 1983இல், அது விளையாட்டுத்தான் என்று ஒப்புக்கொண்டார். ஆக, அறிவின் கருவியை ஆக்கியவரே அதைத் தம் வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட முடியும். கருவி நல்லது என்பதற்கும், அதை எங்கும் பயன்படுத்தும் துணிவு வேண்டும் என்பதற்கும் டாயில் ஒருவரே இரட்டைச் சான்று.

இனிக் கோதைநாயகி அம்மையாரிடம் திரும்புவோம். அந்தக் கருவியை அவர் எவ்வளவு தூரம் கொண்டு சென்றார்? எங்கே கழற்றி வைத்தார்? திறனாய்வு என்பது இதைக் கேட்பதுதான். பாராட்டுப் பத்திரம் வாசிப்பதன்று.

அவர் கருவியை அடுக்களைக்குள் கொண்டு வந்தார் என்பது அவருடைய வெற்றி. ஆண்கள் எழுதிய மர்மக் கதைகளில் குற்றம் பெரும்பாலும் உயிலிலும், வைரத்திலும், மாளிகையிலும் இருந்தது. அவரோ பால்ய மணத்தை, கைம்பெண் துயரை, வரதட்சணையை, குடியை, பெண்ணுக்குக் கல்வி மறுக்கப்படுவதைப் பொருளாக்கினார். குற்றம் நடந்த இடம் நடுக்காடு அன்று, உன் வீட்டுக் கூடம் என்று வாசகிக்குக் காட்டினார். கள்ளுக்கடை வாயிலில் மறியல் செய்தவருக்குக் குடியின் கொடுமையை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குழந்தை மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல்தான் நிறைவேறியது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, குழந்தை மணமகளாக இருந்த ஒருத்தி இதழாசிரியராகிவிட்டாள். தொண்டில் கண்ட துயரம் நாவலுக்குப் பொருளாயிற்று. நாவலில் வந்த வாசகியர் கூட்டம் தொண்டுக்குத் துணையாயிற்று. மர்மம் என்ற இனிப்பைத் தடவி மருந்தை ஊட்டினார் என்று சிலர் சொல்லுவதுண்டு. நாம் அதனினும் ஒருபடி மேலே செல்லுவோம். மர்மமே மருந்தின் ஒரு பகுதி. ஏனென்றால், "இத்துயரம் உன் தலையெழுத்து" என்று கேட்டுப் பழகிய பெண்ணின் காதில், "இத்துயரத்தை இழைத்தவன் எவனோ ஒருவன், அவனைக் கண்டுபிடி" என்று சொன்னதே அக்கதைதான்.

ஆனால், கண்டுபிடித்த பின்? இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம்.

'சித்தி' என்ற திரைப்படத்தைப் பலர் பார்த்திருக்கலாம். 1966இல், அம்மையார் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது. அவருடைய 'தயாநிதி'யைத் தழுவியது. பத்மினி நாயகி. அவள் தன் காதலைத் துறக்கிறாள். தம்பியின் மருத்துவப் படிப்புக்காக, வசதி படைத்த, பல பிள்ளைகளுக்குத் தந்தையான மூத்தவர் ஒருவருக்கு வாழ்க்கைப்படுகிறாள். அந்த மூத்தவராக நடித்தவர் யார்? நம் நடிகவேள் எம்.ஆர். ராதா! மேடையில் மூடநம்பிக்கையை நார்நாராகக் கிழித்தவர், திரையில் முதுமைக் காலத்து மாப்பிள்ளையாக வந்தார்.

இக்கதையில் கொலை இல்லை, கத்தியில்லை, நஞ்சில்லை. ஆனாலும் ஓர் இளம் வாழ்வு பறிக்கப்படுகிறது. துப்பறிபவரின் கண்ணோடு பாருங்கள்: குற்றவாளி யார்? கிழவரா? அவர் கையில் அகப்பட்ட கருவி மட்டுமே. தம்பிக்குப் படிப்பு என்றால் தமக்கைக்கு விலை என்று வைத்தது யார்? உழைக்கும் வீட்டில் பெண்ணிடம் விற்பதற்குத் தன்னையல்லாமல் வேறு பொருள் இல்லாமற் செய்தது யார்? சொத்தில் அவளுக்குப் பங்கில்லை என்று எழுதி வைத்தது யார்? இவ்வினாக்கள் எழவேண்டிய இடத்தில் ஒரு சொல் வந்து வாயை அடைக்கிறது: தியாகம்! பார்ப்பவர் கண்ணீர் விடுகிறார். கண்ணீர் விட்டதும் வழக்கு முடிந்துவிடுகிறது. உண்மையில் வழக்கு முடியவில்லை, மூடப்பட்டிருக்கிறது. தியாகம் என்பது விடை அன்று; விசாரணையை நிறுத்தச் சொல்லும் ஆணை.

அம்மையாரின் அன்பில் நமக்கு ஐயமில்லை. அவர் நம்பியது மனமாற்றத்தை. கெட்டவன் திருந்தினால் குடும்பம் திருந்தும். குடும்பம் திருந்தினால் நாடு திருந்தும் என்பது அவர் சென்ற பாதை. ஆனால், அவர் இதழ் நடத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் பிறந்த அதே செங்கற்பட்டு மாவட்டத்தில், 1929 பிப்ரவரியில் சுயமரியாதை மாநாடு கூடிற்று. பெண்ணுக்குச் சொத்தில் சமவுரிமை வேண்டும் என்று அம்மாநாடு தீர்மானம் போட்டது. அங்கே கண்ணீர் இல்லை, கணக்கு இருந்தது. "திருந்து" என்று மன்றாடவில்லை. "பங்கைக் கொடு" என்று கேட்டது. அத்தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின, 1989இல் ஆயிற்று. தாமதந்தான். எனினும், தியாகத்தைப் பாடிய ஆயிரம் கதைகள் தரமுடியாத ஒன்றை அச்சட்டம் தந்தது. அம்மையார் குற்றவாளியின் முகத்தைக் காட்டினார். குற்றம் பிறக்கும் அமைப்பைக் காட்டாமல் நின்றுவிட்டார். தமது கருவியை அவர் கழற்றி வைத்த வாசற்படி இதுவே.

அவர் துறந்த பட்டைப் பற்றியும் ஒரு சொல். நெசவாளர் தெருவில் வாழும் நமக்கு அது வெறும் வரலாற்றுச் செய்தியன்று. வசதியுள்ளவர் பட்டைத் துறக்கலாம்; அது துறவு. நெய்தவன் மனைவி பட்டைத் துறக்கிறாளா? அவள் உடுத்தியிருந்தால்தானே துறப்பதற்கு! பாவு பூட்டி, ஜரிகை கோத்து, கண் மங்க, முதுகு கூன நெய்த சேலை, நெய்தவர் வீட்டுக் கொடியில் ஒரு நாளும் காய்ந்ததில்லை. 2005இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தது, மகிழ்ச்சி. நெய்த கைக்கு என்ன காவல்? கடையில் சேலைக்குச் சொல்லும் விலைக்கும், தறியடியில் எண்ணி வைக்கும் கூலிக்கும் இடையிலே ஒரு பெரும் தொகை காணாமற் போகிறது. யார் எடுத்தார்? எந்த வழியாகப் போனது? எவ்வளவு காலமாக? நமக்கு இதைவிட மர்மமான கதை வேண்டுமா?

அச்சிறுமியின் வீட்டிலும் இம்மர்மம் உண்டு. தகப்பனார் தறிக்கு முன்பணம் வாங்கியிருக்கிறார். கடன் அடையும் வரை கை வேண்டும். அண்ணன் கல்லூரிக்குப் போகிறான். "பத்தாவதோடு நிறுத்திடலாம்னு இருக்கோம் சார்" என்று தாயார் நம்மிடம் மெதுவாகச் சொன்னார். அந்தத் தாயார் கொடியவர் அல்லர். தகப்பனாரும் கொடியவர் அல்லர். அண்ணனோ தங்கைமேல் உயிராய் இருப்பவன். எல்லோரும் நல்லவர்கள், ஆனால் ஒரு படிப்பு கொல்லப்படப் போகிறது! 'சித்தி'யின் கதை வேறு ஊரில், வேறு காலத்தில் நடந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தோமே. அது திண்ணையில் நூல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதைத் தியாகம் என்று பெயரிட்டுப் பாராட்டிவிட்டுப் போவதற்கு நாம் ஆசிரியராக வரவில்லை.

மறுநாள் இழுப்பறையைத் திறந்தோம். முதலில் நாமே அந்த நாவலைப் படித்து முடித்தோம். பெரிய நூல் ஒன்றுமில்லை. நடையில் பிழை, அச்சிலும் பிழை. ஆனால் ஆறு பக்கத்தில் அவிழும் முடிச்சு ஒழுங்காக இருந்தது. வகுப்பு முடிந்ததும் சிறுமியை அழைத்து நூலைத் திருப்பிக் கொடுத்தோம். குற்றவாளியின் பெயரைச் சொல்லவில்லை. "நீயே கண்டுபிடி. கண்டுபிடித்த பின் வா; உன் வீட்டில் ஒரு வழக்கு இருக்கிறது. அதையும் சேர்ந்து விசாரிப்போம்" என்றோம். அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கும்.

அதற்குள் அவள் தகப்பனாரிடம் உதவித்தொகை, விடுதி, முன்பணக் கணக்கு ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் காட்டப் போகிறோம். ஒருமுறை போதாது, பலமுறை போகவேண்டியிருக்கும்.

இளந்தோழர்களே! உங்கள் ஊர் நூலகத்தில் கோதைநாயகி அம்மையாரின் நாவல் கிடைத்தால் ஒதுக்காதீர்கள், வணங்கவும் செய்யாதீர்கள். படியுங்கள். அவர் கேட்ட கேள்வியை ஏற்றுக்கொள்ளுங்கள். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தாதீர்கள். மர்ம நாவல் படிக்கும் தங்கையைக் கண்டால் நம்மைப் போல நூலைப் பறித்து விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "யார் என்று நினைக்கிறாய்? ஏன் அப்படி நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். காரணம் கேட்டுப் பழகியவள், நாளை தன் வீட்டிலும் காரணம் கேட்பாள், தெருவிலும் கேட்பாள், தறியடியில் கூலி எண்ணும்போதும் கேட்பாள்.

அன்று விடை சொல்ல வேண்டியவர்கள் தேடப்படுவார்கள்.